மூன்று நிற அட்டைகளும் ஒரு சைக்கிள் மணியும்

வெள்ளிக்கிழமைக்குள் என் சின்ன மகளுக்கு நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று புரிய வைத்துவிடுவது என்று திங்கட்கிழமை காலையில் முடிவெடுத்தேன். எனக்கே புரியப் பதினாறு வருஷம் ஆன விஷயம். அவளுக்கு நான்கு நாள் கொடுத்தேன்.

காரணம் ஒரு படம்.

இரவு வேலை முடிந்து, கண்ணுக்குள் மணல் உருளுகிற எரிச்சலோடு வீட்டுக்குள் நுழைந்தேன். சாப்பாட்டு மேஜையில் சின்னவளின் நோட்டு திறந்து கிடந்தது. 'என் பெற்றோர் செய்யும் வேலை' என்று தலைப்பு. இடதுபக்கம் என் மனைவி. வெள்ளைக் கோட்டு, கையில் ஊசி, தலையைச் சுற்றி ஏனோ சூரியக் கதிர்கள். வலதுபக்கம் ஒரு கட்டில். கட்டில்மேல் ஒரு போர்வை. போர்வைக்கு வெளியே இரண்டு பாதம். அவ்வளவுதான் நான். கீழே எழுதியிருந்தாள்: 'அம்மா ரத்தம் எடுக்கிறார். அப்பா தூங்குகிறார்.'

ஆசிரியை அதற்கு நட்சத்திரம் வேறு போட்டிருந்தார். கூடவே ஒரு சீட்டு. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, பிள்ளையோடு பெற்றோரில் ஒருவர் வகுப்புக்கு வந்து, தன் வேலையை ஒரு விளையாட்டாகக் காட்ட வேண்டும். பத்து நிமிடம். சொற்பொழிவு வேண்டாம். 'சொற்பொழிவு வேண்டாம்' என்பதற்கு அடியில் இரண்டு கோடு. எந்த அப்பா செய்த வேலையோ.

"என்னடி இது?" என்றேன். சின்னவள் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். ஏழு வயது.

"நீதான்ப்பா."

"கால் மட்டும்தானே இருக்கு?"

"நான் ஸ்கூல்லேர்ந்து வர்றப்போ அதான் தெரியுது."

கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்த என் மனைவி திரும்பாமலே சொன்னாள்: "குழந்தை பாத்ததை வரைஞ்சிருக்கா. குதிகால் வெடிப்புகூட விடாம போட்டிருக்கா பாருங்க."

"வெள்ளிக்கிழமை நான் போறேன்."

"எங்கே?"

"வகுப்புக்கு. என் வேலையை விளையாடிக் காட்டறேன்."

சீப்பு பாதித் தலையில் நின்றது. "நீங்களா?"

"ஏன், நான் போகக்கூடாதா?"

"போகலாம். காலையில பத்து மணி உங்களுக்கு நடுராத்திரி. அங்க போய் உக்காந்ததும் தூங்கிட்டீங்கன்னா, படம் கரெக்டுன்னு பசங்க கைதட்டுவாங்க. அதான் யோசிக்கறேன்."

பெரியவளும் சேர்ந்துகொண்டாள். அவளுக்குப் பதினொன்று. வீட்டில் எதற்கும் தீர்ப்புச் சொல்கிற பதவியை யாரும் கொடுக்காமலே எடுத்துக்கொண்டவள். "அம்மாவே போகட்டும்பா. போன வருஷம் என் வகுப்புக்கு வந்தாங்க. சிவப்புத் தண்ணியை ரத்தம்னு வச்சு ஆளுக்கொரு குப்பியில பிடிச்சோம். ஒரு பையன் நிஜமாவே மயங்கி விழுந்தான். இன்னும் அதைப் பத்தித்தான் பேசறாங்க."

இங்கே என் மனைவியின் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவள். வருகிறவர்கள் இவளைத்தான் கேட்டு வருவார்கள். ஏனென்றால் இவள் குத்துவது தெரியாது. பேசிக்கொண்டே இருப்பாள். "எப்பம்மா குத்துவீங்க?" என்று அவர்கள் கேட்கும்போது குப்பி நிறைந்திருக்கும். இதை அப்போதே நான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

சின்னவள்தான் வழி சொன்னாள். "வியாழக்கிழமை சாயங்காலம் நான் உன் வேலை என்னன்னு ஒரே வரியில சொல்றேன். சொல்லத் தெரிஞ்சா நீ வா. தெரியலேன்னா அம்மா."

"எனக்குச் சம்மதம்," என்றாள் என் மனைவி உடனே.

கல்யாணமாகிப் பதிமூன்று வருஷத்தில் அவள் உடனே சம்மதித்த விஷயங்கள் மொத்தம் நான்கு. நான்கிலும் அடி வாங்கியது நான்.

*

அன்று நான் தூங்கவில்லை. படுத்தேன், எழுந்தேன், ஜன்னலில் வெளிச்சம் வராமல் ஒட்டிய அட்டையைச் சரி செய்தேன், மறுபடி படுத்தேன். அந்த இரண்டு பாதம் கண்ணுக்குள்ளேயே நின்றது.

நான் ஜெராக்ஸ் கடையில் நின்றவன். பிரதியெடுக்க வந்த கம்ப்யூட்டர் புத்தகங்களில் அவர்களுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று எடுத்து, மை சரியாக விழாத தாள்களில் படித்து இந்த வேலைக்கு வந்தவன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதனால் யார் என்ன கேட்டாலும் கொஞ்சம் அதிகமாகவே விளக்குவேன். சான்றிதழ் இல்லாதவனுக்கு விளக்கம்தான் சான்றிதழ்.

பள்ளி விட்டு வந்ததும் சின்னவளை மடியில் உட்கார வைத்து ஆரம்பித்தேன்.

"நிறைய கம்ப்யூட்டருங்க ஒரு பெரிய ரூம்ல இருக்குடா. ராத்திரி முழுக்க வேலை செய்யும். அதுங்க நல்லா இருக்கான்னு அப்பா பாத்துக்கிட்டே இருப்பேன்."

"அந்த ரூம்லேயா இருப்பே?"

"இல்ல. அது வேற ஊர்ல இருக்கு. நான் திரையில பாப்பேன்."

"டிவி மாதிரியா?"

"டிவி மாதிரி இல்ல. அதுல ஒண்ணும் நடக்காது."

"ஒண்ணும் நடக்காத டிவியை ராத்திரி முழுக்கப் பாப்பியா?"

"ஏதாவது கெட்டுப்போச்சுன்னா மணி அடிக்கும். உடனே நான் எடுத்துக்கணும்."

"எடுத்துச் சரி பண்ணுவியா?"

"சில நேரம். சில நேரம் சரி பண்றவருக்குப் போன் பண்ணுவேன்."

"நீ சரி பண்றப்போ என்ன பண்ணுவே?"

தயங்கினேன். பிள்ளையிடம் பொய் சொல்லக்கூடாது. "நிறுத்திட்டு மறுபடி போடுவேன்."

சின்னவள் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. "அது எனக்கே தெரியுமேப்பா."

சமையலறையில் யாரோ இருமினார்கள். இருமல் மாதிரி இருந்த சிரிப்பு.

விளக்கம் உதவாது, விளையாட்டுதான் என்று அப்போதே எழுந்தேன். பழைய சைக்கிளிலிருந்து மணியைக் கழற்றினேன். செருப்பு வாங்கிய பெட்டியைக் காலி செய்தேன். பெரியவளின் வண்ண அட்டைகளைச் சீட்டுக்கட்டு அளவுக்கு வெட்டினேன். ஹாலில் ஒரு நாற்காலி போட்டு, அதுதான் காவல் நாற்காலி என்று அறிவித்தேன். விதிகளை எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன். எல்லாம் என் அலுவலகத்தில் நிஜமாகவே உள்ள விதிகள்.

ஒன்று: வீட்டில் எது கெட்டாலும் அட்டையில் எழுதிப் பெட்டியில் போட்டு மணி அடிக்க வேண்டும். தலை போகிற அவசரத்துக்குச் சிவப்பு, பொறுக்கக்கூடியதற்கு மஞ்சள், எப்போதாவது செய்தால் போதும் என்பதற்குப் பச்சை. இரண்டு: மணி கேட்டு யார் 'பாத்துட்டேன்' என்று சொல்கிறாரோ, அந்த நொடியிலிருந்து அந்த வேலை அவருடையது. மூன்று: எழுதியவர் திருப்தி என்று கையெழுத்துப் போட்டால்தான் அட்டை மூடும். மூடியது மூன்று நாளைக்குள் மறுபடி கெட்டால் அதே அட்டை திறந்துகொள்ளும். நான்கு: கையில் திறந்த அட்டை இருக்கும்போது காவலாளி வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது, ஒரே விதிவிலக்கு சம்பள வேலை. ஐந்து: அரை மணி நேரம் யாரும் எடுக்காத அட்டை மேலதிகாரியிடம் போகும், அவர் கைகாட்டுகிற ஆள் செய்ய வேண்டும்.

மேலதிகாரியாக என் மனைவியை நியமித்தேன். ஒரு மரியாதைக்காக.

அவள் கதவின் முன்னால் நின்று ஐந்து விதிகளையும் இரண்டு தடவை படித்தாள். இன்ஷூரன்ஸ் தாள்களைக்கூட அவள் இவ்வளவு நிதானமாகப் படித்ததில்லை.

"ஒரு சந்தேகம்ங்க. மணி அடிச்சதும் பாத்துட்டேன்னு சொல்லணும். தூங்கிக்கிட்டிருந்தா?"

நெஞ்சை நிமிர்த்தினேன். "பதினாறு வருஷ அனுபவம். என் உடம்பு தூங்கினாலும் காது தூங்காது. மணி அடிச்சா தூக்கத்திலேயே வாய் பாத்துட்டேன்னு சொல்லும், கை பட்டனைத் தேடும். எங்க ஆபீஸ்ல நான் எடுக்காம விட்ட மணியே கிடையாது."

"அப்படியா!" என்றாள். கண் விரிந்தது. "தூக்கத்துல சொன்னாலும் கணக்குதானா?"

"சொன்னா சொன்னதுதான். அதான் தொழில் தர்மம்."

ஊசி உள்ளே போனது அந்த இடத்தில்தான்.

*

திங்கட்கிழமை மாலை முழுக்க வீடு கலகலவென்று இருந்தது. பொம்மைக்குக் கை கழன்றது: மஞ்சள். பென்சில் சீவும் கருவியைக் காணோம்: சிவப்பு. நான் நாற்காலியிலிருந்து "பாத்துட்டேன்! பாத்துட்டேன்!" என்று பாய்ந்தேன். சின்னவள் கையெழுத்துக்குப் பதிலாகப் பூப் போட்டு மூடினாள். வேலைக்குக் கிளம்பும்போது, முதல் தடவையாக, "அப்பா, இன்னிக்கு ராத்திரி எத்தனை சிவப்பு வருதுன்னு எண்ணிக்கிட்டு வா" என்று வாசல் வரை வந்தாள். மாடிப்படியை இரண்டிரண்டாக இறங்கினேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலரைக்கு விழித்தேன். முகத்தில் ஏதோ குத்தியது. அட்டை. தலையணை முழுக்க அட்டை. எண்ணினேன். ஒன்பது. என் மனைவி வேலையிலிருந்து ஒரு மணிக்கே வந்துவிடுவாள். ஒவ்வொன்றின் அடியிலும் அவளுடைய பரிசோதனைச் சாலைக் கையெழுத்தில் நேரம் குறித்திருந்தது. '1.40 — பாத்துட்டேன் என்றார்.' '1.52 — பாத்துட்டேன் என்றார்.' '2.05 — பாத்துட்டேன் பாத்துட்டேன் என்று இருமுறை சொன்னார்.' கடைசி மூன்றில், 'சாட்சி: சின்னவள்.'

குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. பரண் சுத்தம் செய்யப்படவில்லை. ஹால் ஃபேன் சத்தம் போடுகிறது. அலமாரிக் கதவு தொங்குகிறது. கொசுவலை கிழிந்திருக்கிறது. இவையெல்லாம் என்னிடம் வாய்மொழியாகச் சொல்லப்பட்டு, நானும் வாய்மொழியாகச் செய்துவிட்ட பழைய வேலைகள். ஒன்பதாவது அட்டை சிவப்பு: 'போன வருஷம் உங்க அக்கா விஷயத்துல நான் சொன்னதுதான் சரின்னு உங்க அக்காகிட்டயே போன்ல சொல்லணும்.'

அட்டைகளோடு சமையலறைக்குப் பாய்ந்தேன்.

"இது அநியாயம்!"

"எது?"

"தூங்கற மனுஷன்கிட்ட மணியடிச்சு வேலை வாங்கறது!"

"நான் எங்கங்க வாங்கினேன்? நீங்கதான் எடுத்துக்கிட்டீங்க." டீயைக் கையில் கொடுத்தாள். "எவ்வளவு அழகா எடுத்துக்கிட்டீங்க தெரியுமா? கை பட்டனைத் தேடிச்சு. என் மூக்கை அழுத்தினீங்க."

"அப்பா பாவம்மா," என்றாள் சின்னவள்.

"பாவம் என்னடி? இதான் அப்பா வேலை. நல்லா பாத்துக்கோ. வியாழக்கிழமை சொல்லணும்."

விளையாட்டை நானே கலைத்தால் வெள்ளிக்கிழமை போச்சு. ஸ்டூலை எடுத்தேன்.

ஆனால் நானும் தொழில்காரன். அட்டையைச் செய்யாமலே மூடுகிற வித்தைகள் எங்கள் தொழிலில் ஏராளம். ஃபேனுக்கு அடியில் ஐந்து நிமிடம் நின்றேன். அது சத்தமே போடவில்லை. அட்டையில் எழுதினேன்: 'நான் சோதித்தபோது குறை தென்படவில்லை. மூடலாம்.'

மேலதிகாரி படித்துவிட்டுச் சொன்னாள்: "எங்ககிட்டயும் இப்படி வருவாங்க. வீட்ல மயக்கம் வந்துச்சு, இங்க வந்ததும் சரியாப் போச்சும்பாங்க. அதுக்காக ரத்தம் எடுக்காம அனுப்பறதில்லை." ஃபேனை ஐந்தில் வைத்தாள். அது உடனே அழுதது.

அலமாரிக் கதவில் எழுதினேன்: 'இது குறை அல்ல, அமைப்பே இப்படித்தான்.' இதற்குப் பெரியவளே தீர்ப்புச் சொன்னாள். "போன வருஷம் என் கணக்குப் பரீட்சையில நான் இதைச் சொன்னப்போ நீ ஒத்துக்கலைப்பா."

அக்காவுக்குப் போன் போட்டேன். அதைப் பற்றி எழுத விருப்பமில்லை. அந்த அட்டை மட்டும் முதல் முயற்சியிலேயே மூடியது.

*

புதன்கிழமை எதிர்த்தாக்குதல்.

படுக்கப் போகுமுன் ஒரு மஞ்சள் அட்டை எழுதினேன்: 'காவலாளியின் சட்டைகள் இஸ்திரி போடப்படவில்லை.' பெட்டியில் போட்டு, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் மனைவியின் காதருகே மணியை அடித்தேன். கிணிங்.

திரும்பிப் பார்த்தாள். "நல்லா கேக்குது."

மறுபடி அடித்தேன். கிணிங் கிணிங்.

"மணி நல்ல மணிங்க. அந்தக் காலத்துச் சாமான்."

"ஒண்ணு சொல்லணுமே?"

"என்ன?"

"மணி கேட்டா சொல்ற வார்த்தை."

"எந்த வார்த்தை?"

"பாத்துட்டேன்!"

"பாத்துட்டீங்களா? ரொம்ப நல்லது, அப்ப நீங்களே போட்டுக்கங்க," என்று கைப்பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நாள் முழுக்க என்ன முயன்றும் அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து வரவழைக்க முடியவில்லை. "மேஜை மேல சாவியைப் பாத்தியா?" என்று கேட்டேன். "இருக்கு" என்றாள். "நேத்து அனுப்பின போட்டோ பாத்தியா?" "ம்." "முழுசா சொல்லேன்." "அழகா இருக்கு."

வேறு மூன்று அட்டைகளும் போட்டேன். யாரும் எடுக்கவில்லை. அரை மணி நேரம் ஆனதும் ஐந்தாம் விதிப்படி மேலதிகாரியிடம் போயின. மேலதிகாரி நான்கையும் வாசித்து, கன்னத்தில் கைவைத்து யோசித்து, "இதுக்கு அனுபவஸ்தர்தான் வேணும்" என்று என்னையே கைகாட்டினாள்.

அன்று பகலிலும் தூக்கம் இல்லை. பரண்மேல் குனிந்து நின்றேன். ஒட்டடை மூக்கில். அங்கே ஒரு மூலையில் ஜெராக்ஸ் கடைத் தாள்கட்டு கிடந்தது. ஓரம் முழுக்க என் கையெழுத்து. சந்தேகம், சந்தேகம், சந்தேகம் என்று அடிக்கோடு. இருபது வருஷத்துக்கு முந்தைய சந்தேகங்கள். பாதிக்கு இன்னும் விடை தெரியாது.

சின்னவள் ஏணியில் ஏறித் தலையை நீட்டினாள்.

"அப்பா, ஒரு ராத்திரி முழுக்க மணியே அடிக்கலேன்னா?"

"அதுதான் நல்ல ராத்திரி."

"அப்ப காலையில யாராவது தேங்க்ஸ் சொல்வாங்களா?"

"எதுக்கு? ஒண்ணுமே நடக்கலையே. நடக்காததுக்கு யாரும் தேங்க்ஸ் சொல்ல மாட்டாங்க, கண்ணு."

அவள் ஏணியிலேயே நின்று, என் தலையிலிருந்த ஒட்டடையை எடுத்துப் போட்டாள்.

*

வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பன்னிரண்டு அட்டைகள் மூடியாகிவிட்டன. குளியலறைக் குழாய்தான் கடைசி. வாஷ்பேசினுக்கு அடியில் படுத்து, வாஷர் மாற்றி, ஸ்பேனரால் இறுக்கினேன். என் மனைவி குழாய்க்குக் கீழே விரலை நீட்டி, முழுசாக மூன்று நிமிடம் காத்திருந்தாள். ஒரு சொட்டு இல்லை. கையெழுத்துப் போட்டாள். ஸ்பேனரை அதன் ஆணியில் நானே மாட்டினேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு பரீட்சை. பெரியவள் நீதிபதி. சின்னவள் நடு ஹாலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எனக்கு உள்ளங்கை வியர்த்தது. வேலைக்குச் சேர்ந்த நாள் நேர்முகத் தேர்வில்கூட இப்படி வியர்க்கவில்லை.

"அப்பா என்ன வேலை பாக்கறாங்க? ஒரே வரி," என்றாள் பெரியவள்.

"எல்லாரும் தூங்கறப்போ ஏதாவது கெட்டுப்போனா, அதை முதல்ல பாக்கறது எங்க அப்பா. கெட்டுப்போகலேன்னாலும் பாத்துக்கிட்டே இருப்பாங்க."

"அது ரெண்டு வரி," என்றாள் பெரியவள்.

"பரவாயில்லை, விடு," என்றாள் என் மனைவி.

நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குள் போனேன். பதினாறு வருஷமாக என் மேலாளருக்கு எழுதித்தர முடியாததை ஏழு வயசு சொல்லிவிட்டது. இரண்டு தம்ளர் குடித்தேன்.

"ஜெயிச்சுட்டீங்க," என்றாள் மனைவி பின்னால் வந்து. "நாளைக்கு நீங்கதான் போறீங்க."

"உனக்கு வருத்தமில்லையே?"

"எனக்கென்ன வருத்தம்? நீல சட்டையை இஸ்திரி போட்டு வச்சிருக்கேன்."

என் சட்டையை. அவளாக. என் தொழிலில் இப்படி எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் பச்சையாக எரிந்தால், அலாரமே செத்துவிட்டதோ என்று பயப்பட வேண்டும். சந்தோஷத்தில் மறந்துவிட்டேன்.

*

வெள்ளிக்கிழமை. ஏழரைக்கு வீடு வந்தேன். பெரியவள் பள்ளிக்குப் போய்விட்டாள். குளித்தேன். நீலச் சட்டை. பெட்டி, மணி, புதிதாக வெட்டிய முப்பது அட்டைகள், எல்லாம் பையில் தயார். பள்ளி நடந்து போகிற தூரம்தான். ஒன்பது இருபதுக்குக் கண்ணாடி முன் நின்று, "வணக்கம் குழந்தைகளே" என்று மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

கிணிங்.

"பாத்துட்டேன்!" என்றேன், சீப்போடு.

"குளியலறைக் குழாய்ங்க," என்றது மனைவியின் குரல். "மறுபடி ஒழுகுது. மூணாவது விதிப்படி அதே அட்டை."

"வந்து பாக்கறேனே. பத்து மணிக்கு..."

"நாலாவது விதி, அப்பா," என்றாள் சின்னவள். ரெட்டைப் பின்னலோடு கிளம்பி நின்றாள். "அட்டை திறந்திருந்தா காவலாளி வெளிய போகக்கூடாது. சம்பளம் தராங்களா வகுப்புல?"

தரவில்லை. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வாஷ்பேசினுக்கு அடியில் படுத்தேன். ஒழுகல் இல்லை அது. கொட்டியது. நேற்று நான் உயிரைக் கொடுத்து இறுக்கிய நட்டு, பழைய தகரக் கதவு மாதிரி லொடலொடவென்று ஆடியது. ஸ்பேனருக்கு ஆணியைத் துழாவினேன். ஆணி காலி.

"இந்தாங்க," என்று மனைவி கையில் வைத்தாள்.

யோசிக்க நேரமில்லை. குழாய் மரையில் சுற்றுகிற வெள்ளை டேப்பின் ஒரு முனை என் பல்லில். ஒரு கை தண்ணீர் பீறிடுகிற ஓட்டையை அடைத்துக்கொண்டு. இன்னொரு கை ஸ்பேனரில். மெயின் வால்வு வழக்கம்போல் திரும்ப மறுத்தது. (அதற்கு யாரும் அட்டை போடவில்லை.) ஒன்பது நாற்பத்தைந்து.

தலைமாட்டில் மணி அடித்தது.

சின்னவள் சிவப்பு அட்டையைக் குனிந்து என் கண்ணுக்கு நேராகக் காட்டினாள். 'என் வகுப்புக்கு யாராவது உடனே வரணும்.'

"ம்ம்!" என்றேன்.

"சொல்லுப்பா. நேரமாச்சு."

"ம்ம்ம்ம்!" பதினாறு வருஷமாகத் தூக்கத்தில்கூடத் தவறாமல் சொன்ன வார்த்தை. பல்லில் டேப். துப்பினால் டேப் போகும். கையை எடுத்தால் வீடு மிதக்கும். "ம்ம்ம்ம்ம்!"

"அம்மா, அப்பா எடுத்துக்க மாட்டேங்கறாங்க."

குளியலறை வாசலில் இரண்டு செருப்பு தெரிந்தது. வெளியே போகப் போட்டுக்கொள்கிற நல்ல செருப்பு. புடவைக் கொசுவம் இஸ்திரி மடிப்போடு. தோளில், என் பை.

புதன்கிழமை முழுக்க நான் கெஞ்சியும் வராத வார்த்தை, அப்போது வந்தது. தேனில் தோய்த்த மாதிரி.

"பாத்துட்டேன்."

"ரெண்டாவது விதி!" என்று கைதட்டினாள் சின்னவள். "அம்மா சொல்லிட்டாங்க. இனிமே அது அம்மாவோடது." என் முழங்காலைத் தட்டிக்கொடுத்தாள். "பரவாயில்லைப்பா. உனக்கு ஏற்கெனவே ஒரு அட்டை இருக்கு."

கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் நட்டு இரண்டே சுற்றில் உட்கார்ந்துவிட்டது.

*

அன்று சின்னவளுக்கு அரை நாள்தான் பள்ளி; பன்னிரண்டு மணிக்கு வந்தார்கள். நான் துண்டோடு காவல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தூக்கம் வரவில்லை.

"பிரமாதம்ங்க!" என்றாள் மனைவி. "இருபத்தெட்டுப் பசங்களும் பாத்துட்டேன் பாத்துட்டேன்னு ஒரே கத்தல். பக்கத்து வகுப்புலேர்ந்து எட்டிப் பாத்தாங்க. விளையாட்டு நல்லா யோசிச்சிருக்கீங்க."

"நீ இன்னிக்கு வேலைக்குப் போகலையா?"

"லீவு."

"எப்போ போட்டே?"

"திங்கக்கிழமை." கண்ணாடி முன்னால் பொட்டைச் சரி செய்துகொண்டாள். "சீட்டைப் பாத்த அன்னிக்கே."

குப்பி நிறைந்திருந்தது. குத்தியது அப்போதுதான் தெரிந்தது.

"நான்தான் ஜெயிச்சேனே," என்றேன். என் குரல் எனக்கே சின்னவளுடையது போல் கேட்டது. "என்னை ஒரு தடவை போக விட்டிருக்கலாம்ல?"

அவள் என் பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தாள். "ஒரு பையன் கேட்டான். ஒண்ணுமே கெட்டுப்போகலேன்னா காவலாளிக்கு என்ன வேலைன்னு. எனக்குப் பதில் தெரியலை. இவதான் எந்திரிச்சுச் சொன்னா."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் கெட்டுப்போகாதப்பவும் தூங்காம இருக்கறதுதான் ரொம்பக் கஷ்டம்னு. அதுக்கு எல்லாரையும் தேங்க்ஸ் சொல்லச் சொன்னா. சொன்னாங்க. இருபத்தெட்டுப் பேரும்."

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. சந்தோஷத்தில் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

"அப்பா, டீச்சர் மறுபடி படம் வரையச் சொன்னாங்க!" சின்னவள் நோட்டைப் பிரித்து என் மடியில் வைத்தாள்.

இடதுபக்கம் என் மனைவி. முன்னால் வரிசையாகத் திரைகள், கையில் மணி, தலையைச் சுற்றி முன்பைவிட அதிகக் கதிர்கள். வலதுபக்கம் ஒரு வாஷ்பேசின். அதற்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன இரண்டு பாதம். குதிகால் வெடிப்போடு. கீழே: 'அம்மா ராத்திரியில் கம்ப்யூட்டர்களைக் காவல் காக்கிறார். பகலில் ரத்தம் எடுக்கிறார். அப்பா குழாய் ரிப்பேர் செய்கிறார்.'

"ஏண்டி! நேத்துதானே அவ்வளவு அழகா சொன்னே?"

"சொன்னது வேறப்பா. பாத்ததைத்தான் வரையணும்னு டீச்சர் சொல்லிருக்காங்க."

ஆசிரியை இந்தத் தடவை இரண்டு நட்சத்திரம் போட்டிருந்தார். அடியில் ஒரு குறிப்பு: 'இரவும் பகலும் உழைக்கும் அம்மாவுக்கு வகுப்பின் நன்றி. அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா அவசியம் வரவும். வரும்போது கருவிகளோடு வந்தால் நல்லது. பள்ளியில் மூன்று குழாய்கள் ஒழுகுகின்றன.'

இல்லை, இதை இப்படியே விடக்கூடாது, ஆசிரியைக்கு விவரமாக ஒரு கடிதம் எழுதி, நான் யார், என் பதவி என்ன, என் பதினாறு வருஷம் என்ன என்று எல்லாவற்றையும் தெளிவுபடுத்துவது என்று நாற்காலியிலிருந்து வீராவேசமாக எழுந்தேன்.

பின்னால் மணி அடித்தது.

"பாத்துட்டேன்," என்றேன்.